மூன்றாம் துண்டின் விளைச்சல்

பண்ணைக்கு ஆட்கள் எடுக்கிறார்கள் என்று ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போன அன்று, செல்வநாயகம் வீட்டுத்திட்ட வீட்டின் முகட்டில் ஏறி ஓடு அடுக்கிக்கொண்டிருந்தான். கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி விமலேஸ்வரி, ஓட்டோ வளைவில் மறையும்வரை காது கொடுத்துக் கேட்டாள். மாதச் சம்பளம். சேமலாப நிதி. காலையில் போய்ப் பின்னேரம் திரும்பலாம். செல்வநாயகத்துக்கும் அது கேட்டிருக்கும். ஆனால் கேட்காதவன் போல அடுத்த ஓட்டுக்குக் கையை நீட்டினான்.

பண்ணை தூரத்தில் இல்லை. ஜெயபுரத்திலிருந்து மேற்கே போகிற செம்மண் வீதியின் ஒரு கரையில் அவர்களுடைய வீடு. மறு கரையில் முட்கம்பி வேலி. வேலிக்குப் பின்னால் படையினர் நடத்தும் பண்ணை. சண்டை முடிந்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது வீதியின் இந்தக் கரையில் மட்டும்தான் சனங்களைக் குடியிருக்க விட்டார்கள். அந்தக் கரையில் ஐந்து குடும்பங்களுக்குக் காணி இருந்தது. அவற்றையெல்லாம் படையினர் ஒன்றாக அடைத்துப் பண்ணையாக்கியிருந்தார்கள்.

அதில் ஒன்று செல்வநாயகத்தின் தகப்பனுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து, காடு வெட்டி, கருங்கல்லால் கிணறு கட்டி, மிளகாய் செய்த மனிதர். செட்டிக்குளத்து முகாமில் கண்ணை மூடினார். காணிக்கான அரசாங்க பெர்மிற் பத்திரம் மகனுடைய பெயருக்கு மாறிவிட்டது. காணி மட்டும் கைக்கு வரவில்லை.

விமலேஸ்வரி அந்தப் பண்ணைக்கு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்தது வேறு வழியில்லாமல்தான். செல்வநாயகம் ஆட்களுடைய வயல்களில் கூலிக்கு உழவு மிசின் ஓட்டினான். மழைக் காலத்தில் அந்த வேலையும் படுத்துவிடும். மகள் சாரங்கா அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்துதான் விமலேஸ்வரி அவனுக்குச் சொன்னாள். அவன் சண்டை பிடிக்கவில்லை.

"போறதெண்டால் போ," என்றான். "ஆனால் அங்க நடக்கிறதை எனக்கு வந்து சொல்லாதை."

பண்ணையைப் பழைய காணி எல்லைகளிலேயே ஐந்து துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுப் பலகை நட்டிருந்தார்கள். அவளை மூன்றாம் துண்டுக்கு அனுப்பினார்கள். பலகையைத் தாண்டி உள்ளே நடந்தவள், கிணற்றைக் கண்டதும் நின்றுவிட்டாள். மாமனாருடைய கிணறு. கல்யாணம் கட்டி வந்த புதிதில் அந்தக் கிணற்றுக் கட்டின் மேல்தான் உடுப்பு அடித்துத் தோய்த்தாள். வீடு நின்ற இடம் சமனாக்கப்பட்டு உழப்பட்டிருந்தது. கூட நின்ற பெண்கள் என்னவென்று கேட்டார்கள். ஒன்றுமில்லையென்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். சீருடைக்காரர் எவரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. காணிக்கு உரிமை கேட்டு வந்தவளென்று நினைத்தால் வேலையும் போய்விடும்.

அன்று பின்னேரம் செல்வநாயகம் தான் போட்ட கட்டுப்பாட்டைச் சாப்பாடு முடியும்வரை காப்பாற்றினான். பிறகு, கையைக் கழுவிக்கொண்டு முகத்தைத் திருப்பாமலே கேட்டான்:

"கிணத்தில தண்ணி நிக்குதோ?"

அவள் எந்தத் துண்டு என்று சொல்லவேயில்லை. எப்படித் தெரிந்ததென்று அவளும் கேட்கவில்லை. வேலி ஓரத்தில் நின்று பார்த்திருப்பான்.

"நிக்குது," என்றாள். "மேல் படி மட்டுக்கும்."

அதிலிருந்துதான் அந்தப் பேச்சு தொடங்கியது. முதலில் கிணற்றைப் பற்றி மட்டும். பிறகு, இந்தப் போகத்துக்கு என்ன வைக்கிறார்கள் என்று. மேற்குப் பக்கம் மிளகாய் வைக்கப் போகிறார்களென்று அவள் சொன்னபோது, அங்கே மழைக்குத் தண்ணீர் நின்று வேர் அழுகும், வாழை வைக்கச் சொல் என்றான். அவள் மறுநாள் மேற்பார்வைக்கு நின்றவரிடம் தன்னுடைய யோசனை போலச் சொன்னாள். கேட்டுக்கொண்டார்கள். கிளிசரியாக் குழை வெட்டிப் பசளையாக மண்ணுக்குள் தாழ்க்கச் சொன்னான். தாழ்த்தார்கள். இலைச் சுருள் வந்தால் எந்தச் செடியைப் பிடுங்க வேண்டும், சோளகக் காற்று எழும்ப முன்னர் எந்தப் பக்கம் மறைப்புக் கட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்லி அனுப்பினான். சில நாட்களில் அவள் மண்ணில் ஒரு பிடியைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவருவாள். அவன் விரலால் நெருடிப் பார்த்துவிட்டு ஈரம் காணுமோ காணாதோ என்று சொல்வான்.

இப்படிப் பதினாலு, பதினைந்து வருசம் போயிற்று. செல்வநாயகம் ஒரு நாளும் பண்ணை வாசலின் படலையைத் தாண்டவில்லை. ஆனால் மூன்றாம் துண்டில் எந்த வரம்பில் எது நிற்கிறதென்று அவனுக்குத் தெரியும். கணவனும் மனைவியும் கதைக்க வேறு எதுவும் இல்லாத நாட்களிலும் அது இருந்தது. தாய் தகப்பன் பின்னேரங்களில் குசினி வாசலில் இருந்து ரகசியம் போலக் கதைப்பதைப் பார்த்துச் சாரங்கா சிரிப்பாள். அவள் வளர்ந்து வவுனியாவில் கம்பசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நாட்டில் காசில்லாமல் போன வருசங்களுக்குப் பிறகு பண்ணையிலும் காற்று மாறியது. டீசல் அளந்து வந்தது. பசளை குறைந்தது. ஒரு பங்குனி மாதக் காலையில், பண்ணைக்குப் பொறுப்பாக இருந்த மேஜர் எல்லாரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டார். வன்னிக்கு வந்த பிறகு ஓரளவு தமிழ் பழகியிருந்த, குரலை உயர்த்தாத மனிதர். தனக்குப் பிடித்த வேலை இந்தப் பண்ணைதான் என்று சொல்லிக்கொள்வார்.

அவர் சொன்னது இதுதான். இவ்வளவு காலமும் படைக்கென்று ஒதுக்கிய காசு வந்தது, செலவானது. என்ன கிடைத்ததென்று எவரும் கேட்கவில்லை. இனி அப்படியில்லை. ஆள், வாகனம், எண்ணெய், பசளை எதற்குச் செலவழித்தாலும் அதற்கு என்ன பலன் என்று அளந்து காட்ட வேண்டும். பண்ணைக்கும் அதே சட்டம்தான். இந்தச் சிறுபோகத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் போனதையும் அதிலிருந்து வந்ததையும் தனித்தனியே எழுதுவார்கள். போட்டதை எடுக்காத துண்டை மூடி, காணியைப் பிரதேச செயலகம் வழியாகச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். பலன் தருகிற துண்டு இருக்கும். மற்றத் துண்டுகளின் பசளையும் தண்ணீர் மிசின்களும் அதற்குப் போகும்.

அவர் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். நேசமலர் எழும்பி, மூடுகிற துண்டில் வேலை செய்கிறவர்கள் என்ன செய்வது என்று கேட்டாள். அவள் முல்லைத்தீவுக் கரைப் பக்கத்துப் பெண். கணவனைக் கடலில் பறிகொடுத்த பிறகு இரண்டு பிள்ளைகளோடு இங்கே தமக்கை வீட்டில் வந்து இருந்தவள். மூன்றாம் துண்டில் விமலேஸ்வரிக்குப் பக்கத்துச் சால் அவளுடையது. அந்த ஆட்களை முல்லைத்தீவுக்கு அங்கால் ஒரு பண்ணைக்கு மாற்றுவார்கள், போக ஏலாதவர்கள் விலகலாம் என்றார் மேஜர். நேசமலர் கீழே இருந்துவிட்டாள்.

ஊருக்குள் செய்தி பரவ அன்றைய பொழுதே போதுமாயிருந்தது. காணிச் சொந்தக்காரர்களுக்காக மனுக் கொடுத்து அலைகிற ராஜரத்தினம் பின்னேரம் வந்தார். நாலாம் துண்டு அவருடையது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தேத்தண்ணி வேண்டாமென்றார்.

"பிள்ளை, நான் உன்னைப் பிழையான வேலை செய்யச் சொல்லேல்ல," என்றார். "களை பிடுங்கிறதை ஒரு கிழமை பிந்திச் செய்தால் காணும். தண்ணியைக் கொஞ்சம் குறைச்சால் காணும். ஒருத்தருக்கும் தெரிய வராது. எங்கட காணி எங்களுக்கு வந்திடும். மற்றத் துண்டுகளில நிக்கிற பிள்ளையளோடயும் கதைச்சிட்டன்."

விமலேஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவன் முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். யோசிப்பதாக அவள் சொன்னாள். ராஜரத்தினம் போன பிறகும் அவர்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் நம்பவில்லை. காணி விடப் போகிறார்கள் என்ற கதையை அவள் எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள். அளக்க வந்தார்கள், படம் எடுத்தார்கள், பெர்மிற்றுக்குப் பிரதி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒன்றும் வந்ததில்லை. சம்பளம் மட்டும் மாதம் தவறாமல் வந்தது. அதில்தான் சாரங்கா படிக்கிறாள். அதில்தான் நேசமலரின் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

அவள் வழமைபோல வேலை செய்தாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஆடி மாதம் மூன்றாம் துண்டின் மிசின் தண்ணீர் இழுக்காமல் நின்றுபோயிற்று. சோளகம் மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த நேரம். மிசினைக் கழற்றிப் பார்த்த ஆமிக்காரப் பெடியன், உள்ளே ஏதோ தேய்ந்துவிட்டது, கிளிநொச்சியிலிருந்து சாமான் வர ஒரு கிழமையாகும் என்றான். மிளகாய்ச் செடிகள் மத்தியானத்துக்கே தலை தொங்கிவிட்டன. நேசமலர் வாளியால் அள்ளி ஊற்றிப் பார்த்தாள். அந்தப் பெரிய துண்டுக்கு அது நாக்கு நனைக்கவும் காணாது.

அன்று வீட்டுக்கு வந்து விமலேஸ்வரி செய்தியைச் சொன்னபோது அவள் குரலில் ஒரு வகை ஆறுதலும் இருந்தது. ராஜரத்தினம் கேட்டது தானாகவே நடந்துவிட்டது. யாருடைய கையும் அதில் இல்லை.

செல்வநாயகம் சோற்றைப் பிசைந்தபடி இருந்தான்.

"பூ விட்டிட்டுதோ?" என்று கேட்டான்.

"ஓம். முழுக்கப் பூ."

அவன் பிசைவதை நிறுத்தினான். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்:

"அது மிசின்ர பிழையா இராது. கிணத்துக்குள்ள கிடக்கிற குழாயின்ர அடி வால்வில மணல் அடைச்சிருக்கும். எங்கட ஐயா இருக்கேக்கையும் சோளகத்துக்குத் தண்ணி இறங்கினால் உப்பிடித்தான் நிக்கும். குழாயைத் தூக்கி வால்வைக் கழட்டிக் கழுவினால் இழுக்கும்."

"நான் போய்ச் சொல்லாமல் விடலாம்," என்றாள் அவள்.

"விடலாம்."

எழும்பிப் போய்க் கை கழுவினான். திரும்பி வந்து குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பூத்து நிக்கிற பயிரைத் தெரிஞ்சுகொண்டு காயவிடுறதோ? அப்பிடி வாங்கி அந்தக் காணியில நான் பேந்து என்னத்தைச் செய்யிறது?" என்றான். "காணியை விடுறதெண்டால் எப்பிடியும் விடுவாங்கள்," என்றும் சொன்னான்.

மறுநாள் காலை அவளும் நேசமலரும் இன்னும் இரண்டு பெண்களுமாகக் குழாயைத் தூக்கினார்கள். வால்வுக்குள் சிவந்த மணல் இறுகிக் கிடந்தது. கழுவிப் பூட்டினார்கள். மிசின் இருமி இருமி, பிறகு தண்ணீரைக் கக்கியது. வாய்க்கால் வழியே தண்ணீர் ஓடிச் செடிகளின் காலுக்குப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது விமலேஸ்வரிக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. அதை அவள் பிறகு பல நாட்கள் நினைத்துப் பார்த்தாள். அந்த நேரம் அவளுக்கு வேறு எதுவும் நினைவில் இருக்கவில்லை.

அந்தப் போகம் மூன்றாம் துண்டில் மிளகாய் காய்த்தது போல அந்தப் பக்கத்தில் எங்கும் காய்க்கவில்லை.

ஐப்பசி தொடக்கத்தில், மழைக்கு முன்னர், மேஜர் மறுபடியும் எல்லாரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். முடிவைச் சிங்களத்தில் வாசிக்க, பண்ணைக் கந்தோரில் கணக்கு எழுதுகிற பெடியன் தமிழில் சொன்னான். ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து ஆகிய துண்டுகள் போட்டதை எடுக்கவில்லை. அவை மூடப்படும். மூன்றாம் துண்டு போட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தந்திருக்கிறது. அது மாதிரித் துண்டாகத் தொடர்ந்து நடக்கும். மற்றத் துண்டுகளுக்கு இருந்த மிசினும் பசளையும் அதற்கு வரும்.

விமலேஸ்வரியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் போய்ச் சான்றிதழை வாங்கினாள். கை தட்டினார்கள். திரும்பி வந்து இருந்தபோது நேசமலர் அவளுடைய கையைப் பிடித்தாள். நேசமலரின் கன்னத்தால் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா, எனக்கு வேலை தப்பிற்றுது," என்றாள் மெதுவாக. "நான் சந்தோசப்படுறதோ வேண்டாமோ எண்டு தெரியேல்ல அக்கா."

கொட்டகையில் கூட்டம் கலைந்த பிறகு விமலேஸ்வரி மேஜரின் கந்தோருக்குப் போனாள். அவர் சிரித்த முகத்தோடு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை.

"சேர், அந்தத் துண்டு எங்கட காணி."

"எங்கட எண்டு சொன்னா?"

"என்ர மனுசன்ர தகப்பன்ர காணி. அந்தக் கிணறு அவர் கட்டினது. பெர்மிற் எங்களிட்ட இருக்கு."

மேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போனதென்று அவருக்கே தெரிந்திராது.

"இத்தனை வருசம் நீங்க எனக்குச் சொல்லவே இல்லை அக்கா," என்றார்.

"சொல்லியிருந்தால் வேலை தந்திருப்பீங்களோ சேர்?"

அவர் ஒரு தாளை முன்னால் இழுத்துப் போட்டார். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதியும் இருந்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டு வந்த மறுமொழியைத் தானே தமிழில் சொன்னார். எந்தத் துண்டை வைத்திருப்பது என்பது பலனை அளந்து எடுத்த முடிவு. நல்ல பலன் தருகிற துண்டை விடுவதற்கு அந்தத் திட்டத்தில் இடம் இல்லை. சொந்தக்காரர் வேறிடத்தில் காணி கேட்டு விண்ணப்பிக்கலாம். சொல்லி முடித்துவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் கணக்கு வந்தால் உங்களுடைய சனத்துக்கு நல்லது நடக்கும் என்றுதான் தான் நினைத்ததாகச் சொன்னார். அவள் அதை நம்பினாள். அந்த வருசம் முடிய முன்னரே அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

கொட்டகையில் முடிவு சொன்ன அன்றே செல்வநாயகத்துக்கும் அவள் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தபோது அவன் வேலிக்கு நடுகிற கதியால் தடிகளை வெட்டிக்கொண்டு நின்றான். வீதியில் போனவர்கள் பாதியைச் சொல்லியிருக்க வேண்டும். கத்தியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"விடுறாங்களாமே?"

"ஓம். மற்ற நாலையும்." அவள் சைக்கிளை வேலியில் சாய்த்தாள். "எங்கடதை மட்டும் விடேல்லையாம்."

"ஏனாம்?"

"நல்லா விளைஞ்சதாம்."

அவன் அவளைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு கணக்கைத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறவனுடைய முகமாக இருந்தது அது. பிறகு குனிந்து கத்தியை எடுத்துக் கதியாலை வெட்டத் தொடங்கினான்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை காணிகளைக் கொடுத்தார்கள். ராஜரத்தினம் நாலாம் துண்டில் பொங்கினார். அவருடைய பிள்ளைகள் கனடாவிலிருந்து தொலைபேசியில் பார்த்து அழுதார்கள். செல்வநாயகம் விடியவே போய்விட்டான். அவருக்கு வேலி அடைக்க உதவினான். கதியால் நட்டு, கம்பி இழுத்து, மத்தியானம்வரை நின்றான். அந்த வேலிக்கு அடுத்த பக்கம் மூன்றாம் துண்டு. ராஜரத்தினம் அவனுடைய தோளில் கை வைத்து ஏதோ சொல்ல வெளிக்கிட்டார். அவன் கம்பியை இறுக்கிப் பிடியுங்கோ அண்ணை என்றான். பொங்கிய புக்கையை வாங்கிச் சாப்பிட்டான். வீட்டுக்கும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தான்.

ஊரில் கதையும் வந்தது. சான்றிதழுக்கு ஆசைப்பட்டுப் புருசன்ர காணியை ஆமிக்கு எழுதிக் கொடுத்தவள் என்று யாரோ கடையில் சொன்னதாக நேசமலர் வந்து சொல்லி அழுதாள். விமலேஸ்வரிக்கு அது பெரிதாகப் படவில்லை. அவளை வதைத்தது வேறு. செல்வநாயகம் பின்னேரங்களில் அந்தத் துண்டைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டான். கச்சான் கடலை போட்டிருக்கிறார்கள் என்று அவளாகச் சொன்னாள். ம் என்றான். முளை நன்றாக வந்திருக்கிறது என்றாள். அவன் எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தான். ஒரு நாள் பழக்கத்தில் சேலைத் தலைப்பில் மண் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். முற்றத்தில் நின்று முடிச்சை அவிழ்த்தபோதுதான் அவனுக்கு இனி அது தேவையில்லை என்று அவளுக்கு நினைவு வந்தது. வேலி ஓரம் போய்க் கொட்டினாள்.

வேலையை விடப் போகிறேன் என்று இரண்டு தரம் சொன்னாள். இரண்டு தரமும் அவன் சாரங்காவின் படிப்பு இன்னும் எவ்வளவு காலம் என்று மட்டும் கேட்டான். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. வீட்டில் சண்டையும் இல்லை. சாரங்கா லீவுக்கு வந்தவள், அம்மா உங்களுக்குள்ள என்ன பிரச்சினை என்று தாயிடம் கேட்டாள். ஒன்றுமில்லை பிள்ளை என்றாள். அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மாசியில் கச்சான் பிடுங்குகிற காலம் வந்தது. மற்றத் துண்டுகளில் நின்ற பெண்களில் பாதிப் பேர் மாற்றமாகிப் போய்விட்டார்கள், மிச்சப் பேர் விலகிவிட்டார்கள். ஆள் போதவில்லை. புதிதாக வந்த அதிகாரி, கூலிக்கு வெளியாட்களை எடுக்கச் சொன்னார். அன்று காலை செல்வநாயகம் அவளுக்கு முன்னரே வீட்டிலிருந்து போய்விட்டான். எங்கேயோ உழவுக்குப் போகிறானென்று அவள் நினைத்தாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு பண்ணைப் படலைக்கு வந்தபோது, கூலிக்கு வந்தவர்களுடைய வரிசையில் அவன் நின்றான்.

அவளைக் கண்டும் அவன் வரிசையை விட்டு விலகவில்லை. காவலுக்கு நின்ற பெடியன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். எந்த இடம் என்று கேட்டான். செல்வநாயகம் கையை நீட்டி வீதிக்கு மறு கரையில் இருந்த தன் வீட்டைக் காட்டினான். உள்ளே போ என்று சைகை காட்டினான் பெடியன்.

மூன்றாம் துண்டுக்குள் வந்ததும் சுற்றுமுற்றும் பார்ப்பான் என்று விமலேஸ்வரி நினைத்தாள். அவன் பார்க்கவில்லை. மற்றவர்களோடு வரிசையில் குந்தி, செடியை அடியோடு பிடித்து, ஒரு உலுப்பு உலுப்பி, மண்ணை உதறி, பக்கத்தில் போட்டான். அடுத்ததைப் பிடித்தான். அவன் கைக்கு வேகம் இருந்தது. அவளுக்கு இரண்டு சால் தள்ளி இடம் கிடைத்திருந்தது. தலையைத் தூக்காமல் தானும் பிடுங்கினாள். நேசமலர் மட்டும் இடையிடையே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தேத்தண்ணிக்கு விட்டபோது எல்லாரும் வாகை மரத்து நிழலுக்குப் போனார்கள். செல்வநாயகம் போகவில்லை. எழும்பி வடக்குப் பக்கமாக நடந்தான். வீடு நின்ற இடத்தில் இன்னும் பிடுங்காத கச்சான் நின்றது. சால்களுக்கு நடுவில் குந்தினான். மண்ணை ஒரு கையால் கிளறினான். அவனுடைய தகப்பன் ஆசைப்பட்டுப் போட்ட சிவப்புச் சீமெந்துத் தரையின் ஒரு துண்டு, உள்ளங்கையளவு, உழவில் மேலே வந்து கிடந்திருக்கும் போல. அதை எடுத்துத் துடைத்துப் பார்த்தான். முன்விறாந்தையா உள்ளறையா என்று யோசித்தானோ என்னவோ. பிறந்த சாரங்காவைக் கொண்டுவந்து முதலில் படுக்கவைத்தது அந்த உள்ளறையில்தான். விமலேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையோடு மரத்தடியில் நின்றாள். அவனிடம் போகவில்லை. நேசமலர்தான் இன்னொரு கோப்பையை எடுத்துக்கொண்டு போய், "அண்ணை, ஆற முன்னம் குடியுங்கோ," என்று அவனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

மேற்பார்வைக்கு நின்ற ஆமிக்காரன் மரியாதையாகத்தான் கூப்பிட்டான். வேலை தொடங்கிற்று ஐயா, வாங்க என்றான். செல்வநாயகம் சீமெந்துத் துண்டை இருந்த இடத்திலேயே வைத்து, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு எழும்பி வந்தான்.

பின்னேரம் இருவரும் ஒன்றாகவே வீட்டுக்குப் போனார்கள். அவள் சைக்கிளை உருட்டினாள். அவன் பக்கத்தில் நடந்தான். வீதியைக் கடக்கிற இடத்தில் பார ஊர்தி ஒன்று வந்ததால் நிற்க வேண்டியிருந்தது. புழுதி அடங்கும்வரை நின்றார்கள்.

"நாளைக்கு நான் வரேல்ல," என்றான் அவன்.

"ஓம்."

"என்னால ஏலாது."

அவள் தலையாட்டினாள். "அப்ப நானும் வேலையை விடட்டோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம். நீ போ." வீதியைப் பார்த்தபடியே சொன்னான். "ஆரோ ஒருத்தர் அந்தத் துண்டில நிக்கத்தானே போயினம். அது நீயா இருக்கட்டும்."

வீதியைக் கடந்தார்கள். எங்கே கூலிக்குப் போய்வந்தாலும் நேரே கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்குள் கால் வைப்பான். அன்று அப்படிப் போகவில்லை. முற்றத்தில் இருந்த கதிரையில், முழங்கை வரைக்கும் அப்பியிருந்த அந்தத் துண்டின் செம்மண் காய்ந்து வெடிக்க வெடிக்க, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். விமலேஸ்வரி குசினிக்குள் அடுப்பை மூட்டினாள். குளியுங்கோ என்று அவள் சொல்லவில்லை.